போடாத ஊசிக்குப் போட்ட டிக்

அனுப்புநர்:
அச்சக உரிமையாளர்
(சிறுநீரகக் கல் ஆபரேஷனுக்குப் பின் இறந்தவரின் கணவர்)

பெறுநர்:
மருத்துவமனைகள் ஆய்வு அதிகாரி அவர்கள்,
சுகாதாரத் துறை

பொருள்: கல் ஆபரேஷனுக்கு முன் போட வேண்டிய கிருமித் தடுப்பு ஊசி என் மனைவிக்குப் போடப்படாதது குறித்தும், போட்டதாகக் காட்டும் படிவங்களை உடனே திரும்பப் பெறக் கோருவது தொடர்பாகவும்.

பார்வை: மருத்துவமனை எனக்கு அளித்த பதில் கடிதம் (நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மனைவிக்கு இடது சிறுநீரகத்தில் கல் இருந்தது. கல்லுக்குள் கிருமி ஒளிந்திருக்கும், உடைக்கும்போது ரத்தத்தில் கலந்துவிடலாம், ஆகவே ஆபரேஷன் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிடுவோம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். சொன்னதில் குறையே இல்லை.

2. அந்த ஊசி மருந்தை நானே வாங்கி வார்டு நர்சிடம் கொடுத்தேன். ஆபரேஷன் முடிந்த அன்று மாலை அவளுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. மூன்றாம் நாள் காலை கிருமி ரத்தத்தில் பரவி இறந்துபோனாள். அவளுடைய கண்ணாடி, சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் நான் வாங்கிய மருந்துக் குப்பியும் இருந்தது. மூடி திறக்கப்படவில்லை.

3. இது குறித்து நான் எழுதிக் கேட்டதற்கு, “படிவத்தின்படி ஊசி போடப்பட்டுள்ளது” என்று ஒரே வரியில் பதில் தந்துள்ளார்கள். ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டியதையெல்லாம் சரிபார்த்து டிக் போடும் அந்தப் படிவத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். ஊசிக்கு எதிரே டிக் இருக்கிறது. நேரமும் கையெழுத்தும் இருக்க வேண்டிய இடங்கள் காலியாக இருக்கின்றன. ஆபரேஷன் தியேட்டர் இருப்பிலிருந்து வேறு மருந்து எடுத்ததாகவும் பதிவு இல்லை.

4. இனி எழுதுவது எனக்கே வெட்கம். அந்தப் படிவத்தை அச்சடித்தவன் நான். டிக்கையும் சேர்த்து அச்சடித்தவன் நான்தான். சென்ற ஆண்டு மருத்துவமனை நிர்வாக அலுவலர் அச்சகத்துக்கு வந்து, “எல்லாத்துக்கும் எப்படியும் டிக் போடத்தான் போறாங்க. நீங்களே அடிச்சுக் குடுத்துட்டா நர்சுங்களுக்கு வேலை மிச்சம்ணே” என்றார். கெட்டிக்காரர் என்று நினைத்துச் சிரித்தேன். பைண்டிங் வேலை என் மனைவியுடையது. கட்டுக்குக் கோந்து பூசிக்கொண்டே, “ஆளே இன்னும் வரல, அதுக்குள்ள ஊசி போட்டாச்சா?” என்று கேட்டாள். “குடுத்ததை அடிப்போம், நமக்கெதுக்கு ஊர்வம்பு” என்றேன். ஊர்வம்பு என்றுதான் சொன்னேன், அம்மையீர்.

5. நடந்தது இதுதான் என்று ஊகிக்கிறேன். தியேட்டரில் போடுவார்கள் என்று வார்டில் விட்டுவிட்டார்கள். தியேட்டரில் டிக்கைப் பார்த்து, வார்டில் போட்டாகிவிட்டது என்று இருந்துவிட்டார்கள். ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. எல்லாரும் என் அச்சை நம்பினார்கள். எழுத்துப் பிழை வந்தால் வாடிக்கையாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். இந்தப் பிழையில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

6. எனவே, மருத்துவமனையின் அந்த ஒரு வரிப் பதிலைத் தாங்கள் ஏற்கக் கூடாது. விசாரணையில் என்னையும் சேர்க்க வேண்டும். பிளேட், புரூஃப், ஆர்டர் தாள் மூன்றையும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். என்ன தண்டனை தந்தாலும் மறுபேச்சு பேசமாட்டேன். அதற்கெல்லாம் முன்பாக, மிச்சமிருக்கும் படிவங்களை இன்றே கைப்பற்ற வேண்டும். ‘இன்றே’ என்பதை மனு எழுதும் வழக்கத்துக்காக எழுதவில்லை.

7. பதில் கடிதத்தை வாங்க இன்று காலை நேரில் போயிருந்தேன். நாளை மூன்று பேருக்குக் கல் ஆபரேஷன் என்று பலகையில் எழுதியிருந்தது. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. மூவருக்கும் ஊசி போட்டாகிவிட்டது என்று நான் ஏற்கனவே அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். தயவுசெய்து, இன்று முடியாவிட்டாலும் நாளை காலை எட்டு மணிக்குள் யாரையாவது அனுப்புங்கள்.

இடம்: அச்சகம்
நாள்: மார்ச் 14

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
அச்சக உரிமையாளர்