படம் வராத பக்கம்

ஜூன் 18, புதன்

கண் டாக்டர் மறுபடியும் அதையேதான் சொன்னார். உள்ளே வீக்கம் இன்னும் வற்றவில்லை, செல்போன் கூடாது, டிவி கூடாது. பின்னே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? படாளத்தில் இருக்கும் என் உரக்கடையை வேலையாட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்தக் கருங்குழி வீடும் இருட்டறையும்தான்.

சாயங்காலம் அக்கா மகன் ஆதித்யா செங்கல்பட்டிலிருந்து வந்து புத்தகம் படிக்கிற ரீடர் ஒன்று கொடுத்தான். வெளிச்சமே இல்லை, அச்சடித்த தாள் மாதிரி கறுப்பு எழுத்து. கண்ணைக் குத்தவில்லை. புத்தகம் மட்டுமில்லை, நெட்டும் பார்க்கலாமாம். அதற்கென்று லேசாக ஒரு பிரவுசர் போட்டுக் கொடுத்தான். "படமெல்லாம் நிறுத்திட்டேன் மாமா, எழுத்து மட்டும்தான் வரும். இல்லன்னா முனகிகினு நின்னுடும்" என்றான். என் மனைவி பார்வதத்தின் போனிலிருந்து நெட் வருகிறது.

ஜூன் 21, சனி

பேப்பர் படித்தேன். பக்கம் மாறினாலும் பழைய எழுத்தின் நிழல் கொஞ்ச நேரம் தங்குகிறது. பரவாயில்லை, பழகிவிட்டது.

அப்புறம் என் பெண் வைஷாலியின் பக்கம். காலேஜ் நாளிலிருந்து நெட்டில் ஏதாவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை வேண்டாம் என்று போன வருஷம் பெட்டியோடு வந்து நின்றாள். இந்த வூட்டு வாசல்ல கால வெக்காத என்றேன். பூனாவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். பெண்ணோடு பேசமாட்டேன், பெண் எழுதினதை மட்டும் படிப்பேன் — இது இன்னா ரோஷம்?

படிக்கும்போது பார்வதம் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

நெட் இல்லை. பார்வதம் போனோடு திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் ஞாயிறு தவறுவதில்லை. பக்தி முற்றிவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

வைஷாலி இரண்டே வரி எழுதியிருக்கிறாள். "ஞாயிறு காலை முழுக்க இங்கே இருந்தேன். அடுத்த ஞாயிறும் இங்கேதான்." கீழே ஒரு காலிக் கட்டம்.

எங்கே? பூனாவில் ஏதாவது பூங்காவாக இருக்கும். வேலையற்ற வேலை.

ஜூலை 9, புதன்

"வரவேண்டியவர் வரலாம். எனக்குக் கோபமெல்லாம் இல்லை." அதன் கீழும் கட்டம்.

யாரைக் கூப்பிடுகிறாள்? புதிதாக எவனாவது — சே, என்ன புத்தி எனக்கு. நாளெல்லாம் பேஜாராக இருந்தது.

ஜூலை 12, சனி

நாளைக்கு நீங்களும் வரீங்களா என்று பார்வதம் கேட்டாள். அந்த வெயிலில் கோயிலுக்கு நான் எதற்கு என்றேன். காபி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். கண் போனவனிடம் காட்டுகிற கோபமா இது?

ஜூலை 20, ஞாயிறு

பார்வதம் கண் வீங்கி வந்தாள். கேட்டால் வெயில் என்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

"இதுதான் கடைசி ஞாயிறு. காத்திருந்தது போதும்."

திரும்பத் திரும்பப் படித்தேன். பார்வதத்திடம் கேட்கலாம். கேட்டால் தினமும் படிக்கிறேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ரீடரைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 26, சனி

ஆதித்யா வந்தான். வைஷாலி நேற்று ராத்திரி ஜெர்மனிக்குப் போய்விட்டாள், இரண்டு வருஷ வேலை என்றான். பூனாவிலிருந்தா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"பூனாவா? மாமல்லபுரத்துலதான ரூம் எடுத்துனு இருந்தா. கோடை பூரா இங்கதான மாமா. போட்டோலாம் போட்டாளே."

போட்டோ.

ரீடரை வாங்கி ஏதோ அழுத்தினான். படம் மேலிருந்து கீழாகச் சாம்பல் பட்டையாக இறங்கிற்று. முதலில் கலங்கரை விளக்கம். அப்புறம் பாறை. பாறை மேல் வைஷாலி. இளைத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாப் படத்திலும் அப்படித்தான். ஒன்றில் மட்டும் அந்த இடத்தில் பார்வதம், மடியில் நம் வீட்டுத் தூக்குச் சட்டி.

இங்கிருந்து பஸ்ஸில் ஒரு காலை நேரத் தூரம்தான். ஐயோ.

நானேதான மாமா படத்த நிறுத்தினேன் என்று ஆதித்யா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவனை என்ன சொல்வது?

பார்வதம் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை.

"தினம் தினம் அந்தப் பக்கத்ததான தொறந்து வச்சிகினு இருந்தீங்க. எல்லாத்தையும் பாத்துட்டுதான் வரலன்னு நெனச்சோம். நானும், அவளும்."

ஜூலை 27, ஞாயிறு

பார்த்தும் வராத அப்பன் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறாள். என் பெண்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நானும் பார்வதமும் மாமல்லபுரம் போனோம். டாக்டருக்குச் சொல்லவில்லை. செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பார்வதம் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இத்தனை ஞாயிறும் இந்தப் பஸ்ஸில் தனியாகப் போயிருக்கிறாள்.

பாறையைப் பார்வதம் காட்டினாள். உட்கார்ந்தேன். என்னை ஒரு போட்டோ எடு என்றேன். முகம் தெரியட்டும் என்று டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். வெயில் ஊசியாக இறங்கியது, கண் கொட்டியது, கண்ணீரோடுதான் படத்தில் விழுந்திருப்பேன். என்ன எழுதி அனுப்புவது என்று பார்வதம் கேட்டாள். ஒன்றும் வேண்டாம், படம் மட்டும் போதும் என்றேன்.

பதில் வராமல் எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அங்கே அவள் இன்னும் தூங்கி எழுந்திருக்கமாட்டாள் என்றாள் பார்வதம். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் பார்வதம்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் பதில் வந்திருக்கிறது. பார்வதம் படித்துக் காட்டினாள்.

"கண்ணாடி இல்லாம ஏம்பா வெயில்ல உக்காந்தீங்க?"

இன்னொரு தரம் படி என்றேன்.