பால் கொடுத்தவளின் படம்

கல்முனை,
ஞாயிறு, ஆராதனைக்குப் பின்.

அன்புள்ள மகன் செல்வினுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் உயிரோடு இருக்கிறேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் வழக்கம். அது பொய்யாகிவிடும் என்பதால் விடுகிறேன். போனில் நான் விஷயத்துக்கு வந்ததும் ஜெபக்கூட்டம் தொடங்கிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். ஆகவே இதை எழுதுகிறேன். முழுவதும் வாசி.

நாவிதன்வெளிக் காணியை இந்தப் போகம் விதைக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று காணியைச் செய்யும் இராசதுரை சொல்கிறான். என் முழங்கால் பழையபடிதான். கோயில் கூரையை ஒருவாறு மாற்றிவிட்டார்கள்.

இனி விஷயம். நீ சுவிஸ் சபையில் செய்த பிரசங்கத்தை முழுவதும் பார்த்தேன். உன் பின்னால் பெரிய திரையில் நம் பக்கத்து வீட்டுச் சுஹறாவின் படம். நம் வீட்டுக் கதிரையில், முக்காடு இல்லாமல் அவள் இருக்க, நீ அவள் தலையில் கைவைத்து நிற்கிறாய். இந்த இஸ்லாமியச் சகோதரி பார்வை இழந்திருந்தாள், நான் கைவைத்து ஜெபித்ததும் கண் திறந்தது, அந்த இடத்திலேயே முக்காட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இரகசியமாக ஆண்டவரை ஏற்றுக்கொண்டாள் என்று சொன்னாய். சனம் எழுந்து நின்று கைதட்டியது. நீ கண்ணைத் துடைத்தாய்.

செல்வின், அவள் கண்ணில் வெண்படலம் இருந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு அவளைக் கூட்டிவந்த வாகனத்துக்குள் நானும் இருந்தேன். லீவில் வந்திருந்த நீ அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தாய். ஜெபிக்கட்டா மாமி என்று கேட்டாய். "ஜெபி மகன், நல்லது கேட்டா ஆரு கேட்டாலும் அல்லாஹ் கேப்பான்" என்று சொல்லித் தலையைக் குனிந்தாள். நடந்தது அவ்வளவுதான்.

அவள் ஏன் முக்காடு இல்லாமல் இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். நான் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது, தன் மகன் றிபாஸோடு சேர்த்து உனக்கும் பால் கொடுத்தவள் அவள். அவர்களுடைய மார்க்கத்தில் பால் குடித்த பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமம். அந்த உரிமையில்தான், அந்நிய ஆண் ஒருவனும் பார்த்திராத தலையை உனக்கு முன்னால் மூடாமல் இருந்தாள். நீ அதை ஒரு மண்டபத்துக்கே காட்டினாய். பிறகு உலகத்துக்கே காட்டினாய்.

றிபாஸுக்கு அந்த வீடியோ கட்டாரில் வேலைத்தளத்தில் கிடைத்தது. கூட வேலைசெய்யும் ஒருவன், "இது உங்கட உம்மாதானே?" என்று கேட்டு அனுப்பினானாம். றிபாஸ் தாயிடம் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. என்னோடுதான் கதைத்தான். "டீச்சர், செல்வின் ஏன் இப்பிடிச் செஞ்சான்?" என்று மட்டும் கேட்டான். இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பதில் சொல்லப் பழக்கிய நான், அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன்.

பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்மார் சுஹறா வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஊர் வாயை மூட வேண்டும், ஒருதரம் எல்லாருக்கும் முன்னால் கலிமாவைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டார்கள். ஐந்து வேளையும் தொழுகிறவள், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள், புதிதாக மார்க்கத்துக்கு வந்தவளைப் போல நடுவீட்டில் நின்று சொன்னாள். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. குரல் நடுங்கவில்லை. அவர்கள் போன பிறகுதான் அழுதாள். அழுதால் வெட்டிய கண்ணுக்குக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இப்போது அந்தக் கண் சிவந்து நீர் வடிகிறது.

றிபாஸின் மகள் நஸ்லினுக்கு நிந்தவூரில் பேசி முடித்த கலியாணமும் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வந்து இருப்பதற்கென்று கட்டிய மேல்வீட்டுக்குப் பாதிதான் சாந்து பூசியிருக்கிறது. மேசன்மார் வருவதில்லை.

நான் யார் வாசலிலும் போய் நின்றவள் அல்ல. உன் அப்பா செத்த பிறகும் நின்றதில்லை. போன கிழமை பஸ் ஏறி நிந்தவூருக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாய் சரீபா என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தாள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "நீங்க பொய் செல்ல மாட்டீங்க டீச்சர், அது எனக்குத் தெரியும். ஆனா படத்தக் காட்டிச் சொன்னவர் உங்கட மகன். நீங்க கூட்டாளிக்காகப் பேசுறீங்க எண்டுதான் ஊர் செல்லும். அவர்ட வாயால அவரே இல்லையெண்டு செல்லட்டும், நாளைக்கே நாங்க வாறம்" என்றாள். அவளில் எனக்குக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என் வார்த்தை செல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

அந்த வீடியோவை அழித்துவிட்டேன், அதோடு விடுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தாய். எத்தனையோ போன்களுக்குப் போன பிறகு எதை அழித்தாய்? சாட்சியைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது எல்லாரும் செய்வதுதான், அதைக் கேட்டு மனந்திரும்பி ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், இப்போது மாற்றிச் சொன்னால் சபை சிதறிப்போகும் என்றும் எழுதியிருந்தாய். சிதறட்டும். பொய்யைச் சொல்லிக் கூட்டிய சனத்துக்கு நீ எப்படி மேய்ப்பனாக இருப்பாய்? தேவனுக்கு மகிமை சேர்க்க உன் பொய் தேவைப்படும் என்றால், நான் இத்தனை வருடம் முழந்தாளிட்டது யாருக்கு முன்னால்? கொன்வென்றில் எங்களைப் படிப்பித்த சிஸ்டர்மார் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் செய்ததைக் கூட்டியும் சொல்லவிடமாட்டார்கள், குறைத்தும் சொல்லவிடமாட்டார்கள்.

இன்று காலை ஆராதனை முடிவில் நான் எழுந்து, என் மகன் சொன்னது நடக்காத கதை என்று சபைக்குச் சொன்னேன். போதகர் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். சிலர் என்னோடு கதைக்காமல் போனார்கள். தாயே மகனைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று ஒருத்தி என் காதில் விழவே சொன்னாள்.

விஷயம் சுஹறாவுக்குப் போய்விட்டது. மத்தியானம் பின்கதவால் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஏன் டீச்சர் சபையில செல்லின நீங்க? அவன் எண்ட புள்ள. அவன்ட பேரக் கெடுக்காதீங்க. எனக்கு வந்தது எனக்கு" என்றாள். உன்னை இன்னும் பிள்ளை என்கிறாள், செல்வின்.

வருகிற ஞாயிறு, அதே மேடையில், அதே சனத்துக்கு முன்னால், படம் காட்டாமல் நடந்ததைச் சொல். கண்ணைச் சுகமாக்கியது டொக்டர்மார் என்று சொல். அவள் முஸ்லிமாகவே இருக்கிறாள் என்று சொல். அவள் உனக்குப் பால் கொடுத்தவள் என்றும் சொல். அதைப் பதிந்து றிபாஸுக்கு நீயே அனுப்பு. அதற்குப் பிறகு உனக்குச் சபை இல்லாமல் போனால் வீட்டுக்கு வா. சோறு இருக்கிறது.

கடிதத்தின் முடிவில் ஆசீர்வாதம் எழுதாமல் நான் உனக்கு ஒருபோதும் கையொப்பம் வைத்ததில்லை. இன்று சமாதானத்தைக் கேட்டு எழுதக் கை வரவில்லை. கர்த்தர் உனக்கு முதலில் வெட்கத்தைத் தரட்டும், என் மகனே.

உன்னைப் பெற்ற,
அம்மா.