கழுதைவெள்ளரியைப் பிடுங்கச் சொன்னவனுக்கு

அன்புள்ள மகன் ஔஸுக்கு,

அல்லாஹ்வின் அமைதி உன்மீதும் உன் மனைவி பிள்ளைகள்மீதும் இருக்கட்டும். இங்கே நானும் உன் தங்கை குசூனும் உடம்பளவில் நலம். சிலியில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், உன் நெஞ்சுச்சளி விட்டதா என்று எழுது. நலம் விசாரித்தாயிற்று, இனி கோபமாகத்தான் எழுதப் போகிறேன். தொலைபேசியில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்பாய், பிறகு சிக்னல் போய்விடும். அதனால் சாந்தியாகோவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு மருமகள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

சமவெளியில் இருக்கும் நம் பிரிக்காத நிலத்தைப் பற்றி உன் சித்தப்பா ஷுக்ரி சொன்னது உனக்கும் தெரியும். இந்தப் பருவம் குசூன் காய் எடுத்துக் காட்டினால் உன் அப்பா விட்டுப்போன பங்கை அவளே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒலிவ் பறிப்பு முடிந்ததும் கல் அறுக்கும் பட்டறைக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். பட்டறைக்குப் போன நிலத்தில் பிறகு புல்லும் முளைக்காது. அவள் மழைநீர் வடிந்து சேறு இறுகும்வரை காத்திருந்து ஃபக்கூஸ் வெள்ளரி விதைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் மண்ணின் ஈரத்திலேயே கொடி ஓடியது. விடியலில் பறித்த பிஞ்சை அன்றே தோலோடு கடித்துத் தின்கிறார்கள், அதனால் மருந்து அடிக்கிற பேச்சே இல்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நீ வாயைத் திறக்கும்வரை.

நிலத்தின் கல்சுவர் ஓரத்தில் கழுதைவெள்ளரி புதராக மண்டியிருப்பது உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் அதன் காயைத் தொட்டு அது விதையைப் பீச்சியடிக்க, கண் எரிந்து அழுதிருக்கிறாய். மஞ்சள்காமாலைக்கு மூக்கில் விடும் மருந்து என்று சித்தப்பா அதன்மேல் யாரையும் கை வைக்கவிடமாட்டார். அது விஷம், மூக்கில் விடாதீர்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் கேட்டதில்லை. அந்தப் புதரில் இந்த வருடம் கறுப்புப் புள்ளி வைத்த செம்மஞ்சள் வண்டு நிறைய இருந்தது. குசூன் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். அவற்றுக்கு அங்கேயே சாப்பாடு இருக்கிறது, அறுவடை முடியும்வரை புதரைத் தொடாதீர்கள், காலையில் குளிரில் விறைத்திருக்கும்போது அங்கேயே உதறிச் சோப்புத்தண்ணீரில் போடலாம் என்று எழுதினேன். நீ என்ன எழுதினாய்? அம்மா, உங்க பாடப்புத்தகம் பழசு, வீடே இல்லாமப் போனா பூச்சி போயிடும், வேரோட பிடுங்கச் சொல்லுங்க. விஷம் என்று நான் வருடக்கணக்கில் சொல்லியும் அசையாத சித்தப்பா, எஞ்சினியரே சொல்லிட்டான் அண்ணி, இனி நீங்க பேசாதீங்க என்று கையுறை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிடுங்கிய குவியல் பக்கத்தில் நின்று உனக்குப் படமும் அனுப்பினார், நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய்.

வீடு இடிந்தவர்கள் எங்கே போவார்கள் என்று இந்த ஊரில் பிறந்த உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? பக்கத்திலிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போவார்கள். கழுதைவெள்ளரிக்கு ஃபக்கூஸ் சொந்தம். அந்த வாரமே வண்டு சுவரிலிருந்து இறங்கிக் குசூனின் கொடிக்கு வந்துவிட்டது. இலையின் அடியில் மஞ்சள் முட்டை, பிறகு முள் முளைத்த புழு. சுவரோர வரிசைகளில் இப்போது நரம்பும் தோலும்தான் மிச்சம். சித்தப்பா ஒரு இலையை வெயிலில் பிடித்துப் பார்த்து, கல்யாணப் பொண்ணோட முக்காடு மாதிரில்ல இருக்கு, சந்தையில இலையையே வித்துடு குசூன் என்று சிரித்தார். அவள் குனிந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து நீ படித்த பாடம்தானே இது. அந்த வண்டுக் குடும்பத்தில் முன்னோர்கள் எல்லாம் அசுவினி, செதில்பூச்சி என்று பூச்சி தின்றவர்கள், ஒரு கிளை மட்டும் இலைக்கு மாறியது என்று இரண்டு தாடையையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். சட்டை அதே புள்ளிச் சட்டை, பல் மட்டும் வேறு, கூர்ந்து பார்த்தால் சட்டையிலும் பளபளப்பு இல்லை, மெல்லிய முடி. நீயும் அப்படித்தான், நடை இன்னும் உன் அப்பாவின் நடை, தின்பது மட்டும் வேறு நாட்டுச் சோறு. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வண்டு இலையில் வாய் வைக்கும் முன் என்ன செய்கிறது என்றும் சொன்னேனே. முதலில் இலையில் ஒரு வட்டம் கீறுகிறது, கசப்புப் பால் உள்ளே வராமல் நிற்கும்வரை காத்திருக்கிறது, பிறகுதான் வட்டத்துக்குள் தின்கிறது. ஒரு வண்டுக்கு இருக்கும் நிதானம் உனக்கு இல்லையே. கோப்பையில் தேநீர் ஆறும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டாய்.

இதையும் நான் பொறுத்திருப்பேன். தெரியாமல் சொல்கிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு, அவர்களிடம் நான் கோபப்பட்டதில்லை. பிறகு சித்தப்பா உன்னைக் கூப்பிட்டபோது என்ன சொன்னாய்? அந்த மண்ணுல சத்து இல்ல சித்தப்பா, கொடி வீக்கா இருந்தாத்தான் பூச்சி ஏறும். அதைத்தான் இப்போது அவர் காபிக்கடையில் சொல்லித் திரிகிறார், அண்ணி, உங்க பையனே சொல்றான், பொண்ணு பாவம் செத்த மண்ணுல கிடந்து அழுவுது, கல்லாவது அறுக்கட்டும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். மண் செத்திருந்தால் சாலைப் பக்கத்து வரிசைகள் எப்படிக் காய்க்கின்றன? அங்கே வண்டு இன்னும் போய்ச் சேரவில்லை, நாங்கள் இருவரும் விடியலிலிருந்து பொறுக்கித் தடுத்துக்கொண்டிருக்கிறோம். நேற்றுகூட ஒரு பெட்டி பிஞ்சு நாப்லுஸ் சந்தைக்குப் போனது. உன் தவறை மண்மேலும் தங்கைமேலும் இறக்கி வைத்துவிட்டு நீ தூங்கினாய் பார், அதற்குத்தான் இந்தக் கோபம். அவளோ, அண்ணன்கிட்ட ஒண்ணும் எழுதாதீங்க யம்மா, தூர தேசத்துல கிடக்கிறவன், மனசு கஷ்டப்படும் என்கிறாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சித்தப்பாவைக் கூப்பிடு. புதரைப் பிடுங்கச் சொன்னது நான், அதனால்தான் வண்டு இறங்கியது, மண்ணில் குறையில்லை, பங்கு குசூனுக்கே என்று சொல். காபிக்கடையில் அவர் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஒலிபெருக்கியில் போடச் சொல்லிச் சொல். முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்திய என் பேச்சு அங்கே எடுபடாது, அந்த நிலத்தை உழுது விதைத்தவள் பேச்சும் எடுபடாது, உன் பேச்சுதான் எடுபடும். அது நியாயமில்லை, ஆனால் அந்த அநியாயத்தால் ஒருமுறையாவது அவளுக்கு நன்மை நடக்கட்டும்.

கம்பளிச் சட்டை போட்டுக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் கைகளில் அல்லாஹ் பரக்கத் தரட்டும், நாவில் பொறுமை தரட்டும். சித்தப்பாவைக் கூப்பிட மறக்காதே. நீ பிறந்த நாளிலிருந்து ஊர் முழுக்க என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது, எல்லாக் கடிதத்திலும் உம்மு ஔஸ், ஔஸின் தாய், என்றே கையெழுத்திட்டிருக்கிறேன். நீ கூப்பிட்டாய் என்று காபிக்கடையிலிருந்து சேதி வரும்வரை அந்தப் பெயரில் எழுத எனக்குக் கை வரவில்லை.

இப்படிக்கு உன் தாய்,
உம்மு குசூன்