பெட்டியின் கைப்பிடி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இன்று வகுப்பில் ஓவியம் ஒன்றைக் காட்டப் போய், நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று என் பெட்டியோடு எடுத்த உங்கள் படம் தவறுதலாகத் திரை முழுக்க வந்துவிட்டது. என்னை வழியனுப்ப வந்த அப்பா என்று சொல்லி மாற்றப் போனேன், மாணவர்கள் விடவில்லை. "முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள், அர்த்தம் அப்புறம்" என்று தினமும் கத்துகிறேனே, அது வீண்போகவில்லை. கடைசி பெஞ்சுத் தூங்குமூஞ்சி எழுந்தான்.

"முகம் சிரிக்குது மேடம். ஆனா கை பெட்டியோட கைப்பிடிய விடவே இல்ல. இவருக்கு அனுப்ப மனசில்ல."

இத்தனை நாள் பார்த்தும் என் கண்ணில் படாதது! பெருமை தாங்கவில்லை. கண்ணில் தூசி என்று சமாளித்தேன், அன்றைக்கு நீங்கள் சொன்ன அதே தூசி.

அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இனிமேல் படம் அனுப்பினால் முகத்தோடு நிறுத்தாதீர்கள், கையும் தெரியட்டும்.

உங்கள் மகள்