மஞ்சள் சட்டைக்காரர்களிடம் கேட்ட மன்னிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் ஆசியைக் கேட்டு அடெரிட்டோ எழுதுவது. என் கணுக்கால் தேறிவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை இடது ஓரத்திலிருந்து உள்ளே புகுந்து ஒரு கோல் போட்டேன். வெளியில் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் துள்ளிக் குதிக்கக் கூடாது என்பது கால்பந்து ஆடும் எங்களுக்குள் ஒரு மரியாதை. எதிரே மஞ்சள் சட்டைகளைப் பார்த்ததும் அந்த ஊர்க் கூட்டத்தை நோக்கித் தலைகுனிந்து கைகூப்பினேன். எங்கள் கேப்டன் பிளாமென் ஓடிவந்தான்.

"டேய், இவங்ககிட்ட எதுக்குடா மன்னிப்பு கேக்குற? நீ எப்போடா இங்க ஆடுன?"

நான் மஞ்சள் சட்டை போட்டு ஆடியது சைப்ரஸில், அம்மா. இது பல்கேரியா.

"பரவால்ல ராசா, மன்னிச்சுட்டோம்!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, மைதானமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். காது இன்னும் சுடுகிறது.

அப்பாவிடம் கோலை மட்டும் சொல்லுங்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் என் சட்டைகளைப் படமெடுத்து, எது எந்த ஊர் என்று எழுதி அனுப்புங்கள். நம்மூர்க் கருவாடும் கொஞ்சம்.

பஸ் கிளம்புகிறது. வாசல் கதவுக்கு வேறு வண்ணம் அடிக்கப்போவதாக எழுதியிருந்தீர்களே, நான் வரும்வரை அது பச்சையாகவே இருக்கட்டும், அம்மா.