படுக்கை விரிப்பில் வரைந்த தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலம்தானே? நலம் விசாரிக்கக்கூட மனமில்லாத கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடம் தண்ணீரை வீணாக்குகிறது, மதிய ஷிஃப்டை மூடிவிடலாம் என்று உன் அறிக்கை சொல்கிறதாம். மூடினால் பதினொரு பெண்களுக்கு வேலை போகும். நானும் அதில் ஒருத்தி. அன்று வந்து, கையில் வைத்திருந்த படிவத்தைப் பார்த்து முப்பத்திரண்டு கேள்வி கேட்டாய். கடைசியாக அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்கவில்லை. அதைப் பின்பக்கத் தொட்டியில் பிடித்துவைத்து, மறுநாள் துணி ஊறவைக்க விடுகிறோம். அதுவும் நீ மீட்டர் மாட்டிய அதே குழாய் வழியாகத்தான் வருகிறது. ஒரே தண்ணீரை இரண்டு தடவை எண்ணியிருக்கிறாய், பெரிய இன்ஜினீயர்!

சனிக்கிழமை வா. படிவத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

உன் தங்கை

மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

நீ திட்டியது போதாது, இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை கிழிந்த படுக்கை விரிப்பில், சொட்டுநீலம் தொட்டு, தண்ணீர் போகும் வழியை ஆளுக்கொரு கோடாக வரைந்தோமே, அதைத்தான் இன்று எங்கள் அலுவலகக் கூட்டத்தில் மேஜைமேல் விரித்தேன். இஸ்திரி அக்கா என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி, "மழை நாள்ல கூரைத் தண்ணியும் இதுலதான் வரும் சார், அதை விட்டுட்டீங்க" என்று போட்ட கோடும் அதில் இருந்தது. என் கணக்கு தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

மதிய ஷிஃப்ட் தொடரும். மற்ற சலவைக்கூடங்களும் உங்களிடம் வந்து இந்த முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் எழுதிவிட்டார். புதிய அறிக்கையை எழுதியவர்கள் என்று உங்கள் பதினொரு பேரையும் போட்டிருக்கிறேன். என் பெயர் கடைசியில். நன்றி என்று எழுதினால் சிரிப்பாய். ஆனாலும் நன்றி.

உன் அண்ணன்

மார்ச் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

அறிக்கை வந்தது. ஈரக்கையோடு யாரும் தொடக்கூடாது என்று ஒரே கட்டுப்பாடு! இஸ்திரி அக்கா தன் பெயரைத் தேடிப் பிடித்து, "இனிமே என்னை யாராவது 'ஏய்'னு கூப்பிடட்டும், பாத்துக்கறேன்" என்கிறார்.

மனதார நன்றி, அண்ணா. வேலை நிலைத்ததற்கு மட்டுமில்லை. எங்களோடு உட்கார்ந்து கேட்டாயே, அதற்கு.

ஒன்றை மறைத்துவிட்டேன். சனிக்கிழமை முழுக்க நானும் உன்னை "சார்" என்றேன். மரியாதை என்று நினைத்திருப்பாய். எங்களை மூடச்சொன்ன ஆள் என் கூடப்பிறந்தவர் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்று ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன்: "அவரு எங்க அண்ணன்."

உன் தங்கை