ஷெட்டில் நின்ற வண்டியின் சூடு

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. மாமா வழக்கம்போல வருகிறான், டீ குடிக்கிறான், நான் செய்கிற எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போகிறான். சலவைக் கடை ஓடுகிறது. லாட்ஜ்காரர்கள் படுக்கை விரிப்புகளை முன்னைவிட அழுக்காக்கித் தருகிறார்கள், நமக்கு நல்லதுதான். வேனை விற்றுவிடும்படி போன தடவை எழுதியிருந்தாய். விற்கவில்லை, அதற்குப் புது டயர் போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, முழுதும் படி.

காலையில் வண்டியை எடுக்கும் முன் அப்பா நாலு டயரையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? காற்று, ஆணி, வெடிப்பு எல்லாம் கைக்குத் தெரியும் என்பார். அவர் போன பிறகு நான் அதைச் செய்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் அப்படித் தொட்டேன், சுட்டது. ராத்திரி முழுதும் பூட்டிய ஷெட்டில் நின்ற வண்டி. எஞ்சின் மூடியைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. டயர்கள் மட்டும் வெகுதூரம் ஓடிவிட்டு அப்போதுதான் வந்து நின்றதுபோல வெதுவெதுப்பாக இருந்தன. அதன் பிறகு பல காலைகளில் அப்படித்தான். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஓடிய தூரம் காட்டும் மீட்டர் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது, அதைப் பார்த்தும் பயனில்லை. மாமாவிடம் சொன்னதற்கு, ஏன்க்கா, டயருக்குக் காய்ச்சலா, ஒரு மாத்திரை குடுத்துப் பாரேன் என்று சிரித்தான். ஒரு நாள் விடியலில் அவனைக் கூட்டிவந்து கையைப் பிடித்து டயர் மேல் வைத்தேன். சிரிப்பு நின்றது. பழைய டயர்க்கா, ரப்பர் கெட்டா அப்படித்தான், மாத்திடு என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

எனக்கும் அதை நம்பிவிடத்தான் ஆசை. டயர் கடைக்காரர் குனிந்து பார்த்து, என்னக்கா, பட்டனே இல்ல, வரியெல்லாம் அழிஞ்சு மொழுமொழுன்னு வழிச்ச தலை மாதிரி இருக்கு, இவ்வளவு தேய எங்கதான் ஓட்டுறீங்க என்றார். கடைக்கும் லாட்ஜுக்கும்தான், பக்கத்துத் தெரு என்றேன். பக்கத்துத் தெருவுக்குப் போனா இப்படித் தேயாதே என்றார். முதலில் கார் டயரைக் காட்டினார், மெத்தென்று ஓடுமாம். நம் வேன் ஈரத் துணி மூட்டை சுமப்பது, அந்தப் பாரத்துக்கு அது பிதுங்கிவிடும். மாமா சொன்ன ரீட்ரெட்டும் வேண்டாம் என்றேன், பழைய ரப்பர் மேல் புதுத் தோல் ஒட்டுவதுதானே அது. கடைசியில் லோடு வண்டிக்கென்றே செய்த டயர், பக்கவாட்டு ரப்பர் தடித்தது, பட்டன் ஆழமானது. மின்னுகிறதே என்று எடுத்துவிடாமல், ஓரத்தில் அச்சடித்திருக்கும் வருஷத்தையும் பார்த்துத்தான் வாங்கினேன். பழையவற்றை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். சில நாள் நாலும் சில்லென்று இருந்தன. நிம்மதி என்று உனக்கு எழுத நினைத்திருந்தேன். உண்மையில், அந்தச் சூடு திரும்பாதா என்று கையை எடுக்க மனசில்லாமல் நின்றேன்.

இன்று காலை மறுபடி சுட்டது. குனிந்து பார்த்தேன். மொட்டை டயரில் எதுவும் ஒட்டாது, இந்த ஆழமான பட்டனில் ஒட்டும். இடுக்கு இடுக்காகச் சிவப்புச் செங்கல் சில்லு. நம் ஊரில் செங்கல் சில்லு கொட்டிய இடம் ஸ்டேஷன் வாசல் ஒன்றுதான். அப்பா போன பிறகு வண்டியை நான் அந்தப் பக்கம் திருப்பியதே இல்லை. நீ வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த ரயில் என்றுகூடக் கேட்காமல் சாயங்காலமே போய் அங்கே வண்டியை நிறுத்திக் காத்திருப்பாரே. அவர் காரியத்தை முடித்துவிட்டுப் போனதிலிருந்து நீ ஒவ்வொரு கடிதத்திலும் சீக்கிரம் வருகிறேன் என்று எழுதுகிறாய். நான் உன் கடிதங்களை வாய்விட்டுத்தான் படிக்கிறேன், சின்னு. வீட்டில் வேறு பேச்சுச் சத்தம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். எங்கிருந்தாலும் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. வருவதாக இருந்தால் தேதியையும் ரயிலையும் சேர்த்து எழுது. இல்லையென்றால் வருகிறேன் என்று எழுதாதே. எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் தேயத்தான் செய்யும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா